மீன்கள் ஏன் மிதந்தன?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அல்சூர் ஏரி புதிய இடம் அன்று. கன்னடத்தில் அது ஹலசூரு ஏரி எனப்படும். அதன் அருகே 2009ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை இருக்கிறது. மாலையில் மக்கள் அக்கரையில் உலவுகின்றனர். நீரின் நடுவே உள்ள திட்டுகளின் மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைகின்றன.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்த ஏரிக்கரை வேறு விதமாக இருந்தது. நீர்ப்பரப்பில் ஆயிரக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. துர்நாற்றம் தெருவரை பரவியது. யாரேனும் நீரில் நஞ்சு கலந்துவிட்டனரோ என்று ஐயுறத் தோன்றும் காட்சி அது. ஆனால் அறிஞர்கள் சுட்டிய காரணம் வேறு. கழிவுநீர் கலந்ததால் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குறைந்துவிட்டது. மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன.

கழிவுநீர் என்பது நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் பாசிகளுக்கும் உணவு. அவ்வாறாயின், அல்சூர் ஏரியின் மீன்கள் உணவு இல்லாமல் இறக்கவில்லை. ஏரியில் உணவு மிகுந்ததால் இறந்தன. உணவு மிகுந்தால் உயிர்கள் பெருகத்தானே வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண, உயிரினங்களின் எண்ணிக்கை எவ்வாறு கூடுகிறது, எவ்வாறு குறைகிறது என்பதை அறிய வேண்டும். இதனை ஆராயும் அறிவுத்துறை இனக்கூட்டச் சூழலியல் எனப்படும்.

இனக்கூட்டம்

ஓர் இடத்தில், ஒரே காலத்தில் வாழும் ஒரே வகை உயிரினங்களின் தொகுதியே இனக்கூட்டம். அல்சூர் ஏரியில் உள்ள கெண்டை மீன்கள் அனைத்தும் சேர்ந்தது ஓர் இனக்கூட்டம். அதே ஏரியில் உள்ள விரால் மீன்கள் மற்றோர் இனக்கூட்டம். பல இனக்கூட்டங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வது உயிரினக் குழுமம். அக்குழுமத்தோடு நீர், மண், ஒளி, வெப்பம் முதலிய உயிரற்ற கூறுகளும் இணைந்தால் அது சூழ்நிலை மண்டலம். ஏரி என்பது நீர் நிறைந்த பள்ளம் மட்டும் அன்று. அது ஒரு சூழ்நிலை மண்டலம்.

ஓர் இனக்கூட்டத்தின் எண்ணிக்கை நான்கு வழிகளில் மாறுகிறது. பிறப்பும் உள்வரவும் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. இறப்பும் வெளியேற்றமும் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஓர் ஏரியில் 500 மீன்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓராண்டில் 300 குஞ்சுகள் பிழைத்து வளர்கின்றன. மழைநீரோடு மேல் ஏரியிலிருந்து 50 மீன்கள் வந்து சேர்கின்றன. 220 மீன்கள் இறக்கின்றன. 80 மீன்கள் மதகு வழியே வெளியேறுகின்றன. ஆண்டின் இறுதியில் ஏரியில் இருப்பவை 550 மீன்கள். வங்கியில் வரவும் செலவும் எழுதுவது போன்றதே இக்கணக்கு.

இரட்டிப்பும் எல்லையும்

உணவும் இடமும் தாராளமாகக் கிடைக்கும்போது ஓர் இனக்கூட்டம் வியக்கத்தக்க வேகத்தில் பெருகும். பெங்களூர் ஏரிகளில் எளிதில் காணக்கூடிய வெங்காயத் தாமரை இதற்கு நல்ல சான்று. ஊதா நிறப் பூவும் பருத்த இலைக்காம்பும் உடைய இம்மிதவைச் செடியை ஆகாயத் தாமரை என்றும் மக்கள் அழைக்கின்றனர். இதன் தாயகம் தென் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது.

வெப்பமும் ஊட்டமும் நிறைந்த நீரில் இச்செடி ஏறத்தாழ இரு வாரங்களில் இரு மடங்காகும். 15 நாள்களுக்கு ஒரு முறை இரட்டிப்பதாகக் கணக்கிட்டால், ஒரு செடி 150 நாள்களில் 1,024 செடிகளாகும். 300 நாள்களில் அது 10 லட்சத்தைக் கடந்துவிடும். ஏரியின் பாதிப் பரப்பைச் செடி மூடியிருக்கும் நாளில், இன்னும் பாதி ஏரி திறந்திருக்கிறதே என்று காண்பவர் அமைதி கொள்ளலாம். ஆனால் முழு ஏரியும் மூடுவதற்கு எஞ்சியிருப்பவை 15 நாள்களே. களையைத் தொடக்கத்திலேயே அகற்ற வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

இத்தகைய பெருக்கம் முடிவின்றித் தொடர்வதில்லை. இடம் நிறையும், ஒளி குறையும், உணவு தீரும், நோய் பரவும். அப்போது பிறப்பு குறைந்து, இறப்பு கூடி, வளர்ச்சி மெல்ல நின்றுவிடும். ஒரு வாழிடம் நெடுங்காலம் தாங்கக்கூடிய உயிர்களின் பேரளவு அதன் தாங்குதிறன் எனப்படும். எண்ணிக்கையை மேலே செல்லவிடாமல் தடுக்கும் பொருளோ நிலையோ கட்டுப்படுத்தும் காரணி எனப்படும். பாலைநிலத்தில் நீர் கட்டுப்படுத்தும் காரணி. அடர்ந்த காட்டின் தரையில் ஒளி கட்டுப்படுத்தும் காரணி. அல்சூர் ஏரியின் மீன்களுக்கு அவ்வாறு அமைந்தது ஆக்சிஜன்.

நீரில் மூச்சு

ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிகிராமுக்கும் மேலான ஆக்சிஜன் உள்ளது. ஒரு லிட்டர் நன்னீரிலோ, நல்ல நிலையில்கூட, 8 அல்லது 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். நீர் சூடேறினால் அவ்வளவும் குறையும். மீன்கள் நலமாக வாழ லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் தேவை. ஆகவே, மீனின் வாழ்க்கை எப்போதும் குறுகிய வரம்பிற்குள் நடக்கிறது.

கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. துணி துவைக்கும் சலவைத் தூளிலிருந்தும் பாஸ்பரஸ் சேரலாம். வயலுக்கு உரமாகும் இச்சத்துகள் ஏரியில் சேரும்போது பாசி கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. நீர் பச்சை நிறம் கொள்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவிலோ ஒளி இல்லை. பாசியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கிறது. இறந்த பாசியையும் கழிவையும் சிதைக்கும் பாக்டீரியங்கள் மேலும் ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. எனவே விடியலுக்குச் சற்று முன்னர் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மார்ச் மாத வெப்பமும் சேர்ந்தால், மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவிக்கும். பின்னர் மிதக்கும். அளவுக்கு மீறிச் சத்து சேர்ந்து நீர்நிலை சீர்கெடும் இந்நிகழ்வை மிகை ஊட்டமுறுதல் என்பர்.

எல்லா மீன்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கெண்டை மீன் செவுள்களால் நீரில் கரைந்த ஆக்சிஜனையே நம்பியுள்ளது. விரால் மீனோ நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. சேறு நிறைந்த குட்டைகளில் விரால் பிழைத்திருப்பது இத்தகவமைப்பினால்தான். சூழல் மாறும்போது, ஓர் இனத்துக்கு இறுதியாக அமைவது மற்றோர் இனத்துக்குத் தாங்கக்கூடிய இடராக அமையலாம்.

ஒன்றையொன்று சார்ந்த உயிர்கள்

ஏரியில் எந்த இனக்கூட்டமும் தனித்து வாழ்வதில்லை. நீர்க்காகம் மீனைப் பிடித்து உண்கிறது; இது கொன்றுண்ணல். கெண்டையும் ஜிலேபிக் கெண்டையும் ஒரே உணவை நாடினால் அவற்றிடையே எழுவது போட்டி. மீன் பேன் மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு அதன் குருதியை உறிஞ்சுகிறது. இது ஒட்டுண்ணி வாழ்வு. கரையில் நிற்கும் அரச மரத்தின் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வது ஒரு சிறு குளவி. அக்குளவியின் முட்டைகள் அம்மரத்தின் காய்களுக்குள்ளேயே வளர்கின்றன. இருவர்க்கும் நன்மை தரும் இவ்வுறவு கூட்டுயிர் வாழ்வு.

இவ்வுறவுகளுள் ஒன்று அறுந்தால் ஏனையவையும் அசையும். மீன்கள் இறந்தால் நீர்க்காகங்கள் வேறு ஏரியைத் தேடிச் செல்லும். மீன்கள் உண்டுவந்த கொசுப் புழுக்கள் பெருகும். ஏரியில் நேர்ந்த இழப்பு அதன் பின்னர்க் கரையோர வீடுகளிலும் உணரப்படும்.

அளவறிந்த ஏரி

ஊட்டச்சத்து நீரில் சேர்வதே தீங்கு என்று முடிவு செய்தல் கூடாது. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஏரி அதற்குச் சான்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கு வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுந்து நைட்ரஜனைச் சேர்க்கிறது. அந்நீர் பாயும் வயல்களில் பயிர் செழிப்பதை ஊர்மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆகவே பறவைகளைச் சுடுவதை எதிர்த்தனர். 1798ஆம் ஆண்டில், செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அப்பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தார்.

அல்சூரில் மீனைக் கொன்ற சத்து வேடந்தாங்கலில் நெல்லை வளர்க்கிறது. வேறுபாடு அளவிலும் போக்கிலும் உள்ளது. வேடந்தாங்கலில் பறவைகள் சில மாதங்கள் தங்கிச் சென்றுவிடுகின்றன. சேர்ந்த சத்து வயலுக்குச் சென்று பயிராகிறது. நகர ஏரியிலோ கழிவு ஆண்டு முழுதும் வருகிறது. அதனை எடுத்துக்கொள்ள வயல் இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியின் பொருளை இவ்விரு ஏரிகளும் விளக்குகின்றன.

வண்டு கற்பித்த பாடம்

தென் அமெரிக்காவில் வெங்காயத் தாமரை ஏரிகளை இந்த அளவுக்கு மூடுவதில்லை. அங்கு அதனை உண்டு வாழும் பூச்சிகள் உள்ளன. செடி இந்தியாவுக்கு வந்தபோது அப்பூச்சிகள் உடன் வரவில்லை. இதனை உணர்ந்த அறிவியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் அச்செடியை உண்ணும் சிறு கூன்வண்டுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அவை வேறு பயிர்களைத் தாக்குமா என்று முதலில் ஆய்ந்தறிந்தனர். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் அவ்வண்டுகளை இந்நகரின் சில ஏரிகளில் விட்டனர். வண்டுகள் இலைகளைச் சுரண்டித் தின்றன. புழுக்கள் இலைக்காம்புகளைத் துளைத்தன. சில ஆண்டுகளில், விடப்பட்ட ஏரிகளில் செடிகள் பெருமளவில் அழிந்தன.

செடி குறைந்ததும் வண்டுகளுக்கு உணவு குறைந்தது. அவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது. உண்பதும் உண்ணப்படுவதும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது இயற்கையின் முறை. ஆயினும், கழிவுநீர் தொடர்ந்து வரும் ஏரிகளில் வெங்காயத் தாமரை இன்றும் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்க வல்லவை. செடியை அகற்றுவது தேவை. அதனை வளர்க்கும் கழிவை நிறுத்துவது அதனினும் தேவை.

வெளியிலிருந்து வந்தவை எல்லாம் தீயவையா?

வெங்காயத் தாமரையின் கதையைக் கேட்போர், வெளியிலிருந்து வரும் உயிர்கள் எல்லாம் பகை என்று எண்ணிவிடக் கூடும். அவ்வெண்ணம் பிழையானது. பெங்களூர்ச் சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. சமையலறையில் உள்ள மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டங்களிலிருந்து வந்தவையே. வெங்காயத் தாமரையை அழிக்க உதவிய வண்டும் வெளியிலிருந்து வந்ததுதான்.

வருவது தீங்கு அன்று. வந்த இடத்தில் கட்டுப்பாடு இல்லாமலும், பிற உயிர்களுக்கு ஒளியும் மூச்சும் விடாமலும் பெருகுவதே தீங்கு. அவ்வாறு பெருகுவதற்கு உரிய சூழலைச் செடி உருவாக்கவில்லை. ஏரியில் கழிவைச் சேர்த்த மனிதரே உருவாக்கினர்.

நகரின் கணக்கு

மனிதரும் ஓர் இனக்கூட்டமே. 1951ஆம் ஆண்டில் பெங்களூரின் மக்கள்தொகை சுமார் 8 லட்சம். 2011ஆம் ஆண்டில் அது 84 லட்சத்தைக் கடந்தது. இவ்வளர்ச்சியில் பிறப்புக்கும் பங்குண்டு, உள்வரவுக்கும் பங்குண்டு. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குப் படைத்தளம் அமைத்த காலந்தொட்டுத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வேலை நாடி வந்து குடியேறினர். கர்நாடகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் நாட்டின் ஏனைய மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்தனர்.

மீனுக்கு இல்லாத ஓர் ஆற்றல் மனிதருக்கு உண்டு. தம் வாழிடத்தில் இல்லாததை அவர்கள் தொலைவிலிருந்து கொண்டுவருகின்றனர். பெங்களூருக்குள் பேராறு எதுவும் ஓடவில்லை. எனவே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. வீட்டுக் குழாயில் வரும் காவிரி, பயன்படுத்திய பின்னர்க் கழிவுநீராகிறது. அது தூய்மையாக்கப்படாமல் விடப்பட்டால் ஏரியைச் சேர்கிறது. ஆகவே, ஏரி கெடுவதற்கு மக்கள் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. கழிவைக் கையாளும் முறையே அதனை முடிவு செய்கிறது.

ஏரியின் கதை நகரோடும் முடிவதில்லை. பெங்களூர் ஏரிகள் சரிவான பள்ளத்தாக்குகளில் சங்கிலி போல் அமைக்கப்பட்டவை. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு நீர் செல்லும். அல்சூர் ஏரியின் உபரி நீர் பெல்லந்தூர் ஏரியின் பக்கம் வடிகிறது. பெல்லந்தூரிலிருந்து நீர் வர்த்தூர் ஏரிக்குச் சென்று, தட்சிண பினாகினி ஆற்றை அடைகிறது. அவ்வாறே தமிழ்நாட்டில் தென்பெண்ணை எனப்படுகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையையும், பின்னர்க் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளையும் கடந்து, கடலூர் அருகே அது கடலில் கலக்கிறது. 2017ஆம் ஆண்டில் பெல்லந்தூர் ஏரியின் களைகள் தீப்பற்றிப் புகைந்ததையும், அதன் நுரை சாலைக்குப் பறந்ததையும் நாளிதழ்கள் எழுதின. அந்நுரைக்குக் காரணமான கழிவு பெங்களூரிலேயே தங்கிவிடவில்லை. கெலவரப்பள்ளியிலும் நுரை பொங்கியது. பெங்களூரில் ஒரு வீட்டின் வடிகாலில் ஊற்றப்படும் நீர், அக்குடும்பத்தாரின் சொந்த ஊர் வயலைச் சென்றடையலாம்.

இதற்குத் தீர்வு இந்நகரிலேயே உள்ளது. வட பெங்களூரின் ஜக்கூர் ஏரிக்கு வரும் கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மையாக்கப்படுகிறது. பின்னர் அது கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு நிலத்தின் வழியே மெல்லச் செல்கிறது. அங்குள்ள செடிகள் எஞ்சிய நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உறிஞ்சிக்கொள்கின்றன. அதன் பிறகே நீர் ஏரியை அடைகிறது. வேடந்தாங்கலில் வயல் செய்யும் பணியை ஜக்கூரில் சதுப்பு நிலம் செய்கிறது. அங்கு மீனவர் வலை வீசுகின்றனர். கூழைக்கடாக்கள் வந்து இறங்குகின்றன.

ஓர் ஏரி எத்தனை உயிர்களைத் தாங்கும் என்பதை நீரின் பரப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அதில் சேர்வது எவ்வளவு, அதிலிருந்து செல்வது எவ்வளவு என்னும் கணக்கே முடிவு செய்கிறது. அல்சூரில் மிதந்த மீன்கள் அக்கணக்கு பிழைத்ததைக் காட்டின. அதனைத் திருத்த இயலும் என்பதை ஜக்கூர் காட்டுகிறது.

அருஞ்சொற்பொருள்

இனக்கூட்டம் – ஓரிடத்தில் வாழும் ஒரே வகை உயிரினத் தொகுதி
தாங்குதிறன் – ஒரு வாழிடம் நெடுங்காலம் தாங்கும் உயிர்களின் பேரளவு
தகவமைப்பு – சூழலுக்கு ஏற்ப அமைந்த உடல் இயல்பு
உபரி – தேவைக்கு மேல் எஞ்சியது
மதகு – ஏரி நீரை வெளிவிடும் வாயில்

பயிற்சி

1. அல்சூர் ஏரியின் மீன்கள் இறந்ததற்குக் காரணத்தை மூன்று தொடர்களில் எழுதுக.

2. ஒரு குளத்தில் 400 தவளைகள் உள்ளன. ஓராண்டில் பிறந்து பிழைத்தவை 250, உள்ளே வந்தவை 30, இறந்தவை 190, வெளியேறியவை 40. ஆண்டின் இறுதியில் உள்ள தவளைகள் எத்தனை?

3. வேடந்தாங்கல் ஏரிக்கும் அல்சூர் ஏரிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

4. "வருவது தீங்கு அன்று" எனப் பாடம் கூறுவதன் பொருளைச் சான்றுடன் எழுதுக.

5. செயல்பாடு: இல்லத்தின் அருகே உள்ள ஏரியைப் பெரியவர் ஒருவருடன் சென்று காண்க. அங்குக் கண்ட பறவை, செடி, மரங்களின் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுக. அவ்வேரியின் நீர் அடுத்து எங்குச் செல்கிறது என்பதைக் கேட்டறிந்து படம் வரைக.